10 தோல்வியை எப்படிப் படிப்பது? ஹெவிவெயிட்டுக்கு ஏறிய ஹோலிஃபீல்டின் கணக்கு

மேலூரிலிருந்து மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். ஒன்று: “ஹோலிஃபீல்ட் ஹெவிவெயிட்டில் 10 தடவை தோற்றவர். உசிக் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. பிறகு ஏன் அண்ணே, ரெண்டு பேரையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள்?” இரண்டு: “நான் 80 கிலோ. நம்ம மாவட்டத்தில் மேல் வெயிட்டில் ஆள் குறைவு, ஏறிவிடு என்கிறார்கள். ஏறலாமா?”

முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினால், இரண்டாவதற்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும். அமெரிக்காவின் ஹோலிஃபீல்ட், உக்ரைனின் உசிக் இருவருமே குரூஸர்வெயிட்டில் ஜெயித்துவிட்டு, அதற்கு மேலே எடை வரம்பே இல்லாத ஹெவிவெயிட்டுக்கு ஏறியவர்கள். ஹோலிஃபீல்டிலிருந்தே தொடங்குவோம்.

எவாண்டர் ஹோலிஃபீல்ட் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கியவர். 1986 ஜூலையில் டுவைட் முகமது காவியை 15 ரவுண்டு அடித்து குரூஸர்வெயிட் பெல்ட்டை, அதாவது உலகப் பட்டத்தை, எடுத்தார். 1988 ஏப்ரலில் கார்லோஸ் டி லியோனை ஜெயித்ததும் அந்த வெயிட்டின் பெல்ட் எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. அப்போது குரூஸர்வெயிட்டின் வரம்பு 190 பவுண்டு, கிலோவில் 86 சொச்சம். 18 சண்டை, 18 வெற்றி. அதே வருடம் ஜூலையில் ஹெவிவெயிட்டுக்கு ஏறினார். எல்லாம் முடிந்தபோது மொத்தக் கணக்கு 44 வெற்றி, 10 தோல்வி, 2 டிரா. ஹெவிவெயிட்டை மட்டும் பிரித்தால் 26 வெற்றி, 10 தோல்வி, 2 டிரா. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது சுமாரான ஆளின் கணக்காகத்தான் தெரியும்.

இப்போது ஒரு நோட்டில் அந்தப் பத்தையும் எழுதுங்கள். 1992 ரிடிக் போவ். 1994 மைக்கேல் மூரர். 1995 மறுபடியும் போவ். 1999 லெனாக்ஸ் லூயிஸ். 2001 ஜான் ருயிஸ். 2002 கிறிஸ் பேர்ட். 2003 ஜேம்ஸ் டோனி. 2004 லாரி டொனால்ட். 2007 சுல்தான் இப்ராகிமோவ். 2008 நிக்கோலாய் வாலுவேவ்.

பக்கத்தில் முதல் கட்டமாக வயதைப் போடுங்கள். ஹோலிஃபீல்ட் பிறந்தது 1962 அக்டோபர். ருயிஸிடம் தோற்றபோது 38 வயது, வாலுவேவிடம் தோற்றபோது 46. அதாவது பத்தில் ஆறு தோல்வி 38 வயதிலும் அதற்குப் பிறகும் வந்தவை. 1999 கடைசியோடு கோடு போட்டு நிறுத்தினால் ஹெவிவெயிட்டில் 18 வெற்றி, 4 தோல்வி, 1 டிரா. அந்த நான்கும் மூன்று பேரிடம்.

இரண்டாவது கட்டத்தில், ஜெயித்த ஆள் எந்த வெயிட்டிலிருந்து வந்தவர் என்று எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மூரர் லைட் ஹெவிவெயிட்டில் (79 கிலோ வரம்பு) பெல்ட் வைத்திருந்தவர். பேர்ட் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியவர். டோனி 1991இல் அதற்கும் கீழே உள்ள மிடில்வெயிட்டில் சாம்பியன். இப்ராகிமோவ் 2000 சிட்னியில் 91 கிலோ பிரிவில் வெள்ளி. பத்தில் நான்கு தோல்வி, ஹோலிஃபீல்டைப் போலவே கீழே இருந்து வந்தவர்களிடம்! பெரிய உடம்பால் தோற்றார் என்று அடித்துச் சொல்லக்கூடியது போவிடம் இரண்டு, லூயிஸிடம் ஒன்று, அவ்வளவுதான். வாலுவேவ் 7 அடி, 140 கிலோ. ஆனால் 46 வயது ஹோலிஃபீல்ட் அவரிடம் 12 ரவுண்டும் நின்று, மூன்று ஜட்ஜில் ஒருவர் சமம் என்று எழுதிய சண்டையில்தான் தோற்றார். ஜெயித்தது ஹோலிஃபீல்ட்தான் என்று பார்த்த பலரும் சொன்னார்கள். உடம்பு சின்னது என்பது அவரைச் சாய்த்ததைவிட, கை வேகம் போனதும் கால் நின்றதும் சாய்த்ததே அதிகம்.

வெற்றிகளையும் இதே மாதிரி உரசிப் பார்க்க வேண்டும், அவருக்குச் சாதகமாக மட்டும் படிக்கக் கூடாது. 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றாவது ரவுண்டில் சாய்த்து உலக சாம்பியன் ஆனார். ஹோலிஃபீல்ட் 208 பவுண்டு, டக்ளஸ் 246. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அதே டக்ளஸ் எட்டு மாதம் முன்பு டோக்கியோவில் டைசனைச் சாய்த்தபோது 231 பவுண்டுதான். இடையில் ஏறிய ஆறேழு கிலோ சண்டைக்காக ஏற்றியது அல்ல, தொப்பை. பயிற்சி இல்லாமல் வந்த ஆளை ஜெயித்ததற்கு முழு மதிப்பெண் கிடையாது. அடுத்து ஜார்ஜ் ஃபோர்மன், லாரி ஹோம்ஸ். இருவருக்கும் அப்போது 42 வயது. நல்ல வெற்றிகள், அதற்கு மேல் சொல்ல முடியாது.

முழு மதிப்பெண் போட வேண்டியது 1993 நவம்பர் 6 சண்டைக்கு. ஒரு வருடம் முன்பு, 1992 நவம்பரில், ஹோலிஃபீல்ட் 205 பவுண்டு, போவ் 235. ஹோலிஃபீல்ட் நேராக நின்று கைக்குக் கை கொடுத்தார். போவ் உயரமான ஆள். ஆனால் நெருங்கி வந்தால் திணறுகிற ரகம் அல்ல, உள்ளே வைத்து அப்பர்கட் (கீழிருந்து மேலே வீசும் குத்து) போடத் தெரிந்தவர். நெருங்கிப் போவதே சின்ன ஆளுக்குப் பாதுகாப்பு என்ற கணக்கு அவரிடம் செல்லவில்லை. மூன்று ஜட்ஜும் 117-110, 117-110, 115-112 என்று போவுக்கு எழுத, தோல்வி. இரண்டாவது சண்டைக்கு எமானுவேல் ஸ்டூவர்டை டிரெய்னராக வைத்துக்கொண்டார். இந்த முறை 217 பவுண்டு, போவ் 246. எடை 12 பவுண்டு கூடியிருக்கிறது, ஆனால் கால் முன்னைவிட அதிகம் ஓடுகிறது. உள்ளே போய் நான்கைந்து குத்து, போவ் பதிலுக்குக் கை எடுக்குமுன் பக்கவாட்டில் விலகல். ஏழாவது ரவுண்டில் பாராகிளைடரில் ஒருவன் வந்து ரிங் கயிற்றில் விழுந்து இருபது நிமிடம் சண்டை நின்றது. அதற்குப் பிறகும் தாளம் கெடவில்லை. 115-113, 115-114, 114-114. போவ் தன் வாழ்நாளில் தோற்ற ஒரே சண்டை இது. முதல் சண்டையையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், எடை ஏறினால் கால் கட்டிப்போகும் என்பது எப்போதும் உண்மையில்லை என்று தெரியும். ஏறிய எடை எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் முக்கியம். முதுகிலும் தொடையிலும் உட்கார்ந்தால் வேலை செய்யும். இடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் சுமைதான்.

1996 நவம்பர் டைசன் சண்டையை “சின்ன ஆள் பெரிய ஆளைச் சாய்த்த கதை” என்று சொல்வது தவறு. டைசன் 222, ஹோலிஃபீல்ட் 215, வித்தியாசம் மூன்று கிலோ. உயரத்தில் ஹோலிஃபீல்ட்தான் பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். கட்டிப்பிடித்ததும் டைசனைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். பின்கால் வைக்க இடம் இல்லாத டைசனின் குத்தில் பலம் சேரவில்லை. பதினோராவது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்தினார்.

டிராவையும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். 1999 மார்ச்சில் லூயிஸுடன் முதல் சண்டை ஏட்டில் டிரா. குத்துக் கணக்கு எடுத்தவர்கள் லூயிஸுக்கு 348, ஹோலிஃபீல்டுக்கு 130 என்றார்கள். அன்று அவர் தோற்றார் என்று எழுதிக்கொள்வதே நேர்மை. 196 சென்டிமீட்டர் உயரமும் 213 சென்டிமீட்டர் கைவீச்சும் உள்ள ஒருவர் ஜாபை (முன்கையால் போடும் நேர்க்குத்து) ஒழுங்காகப் போட்டால், 198 கைவீச்சு உள்ளவர் ஒவ்வொரு முறையும் ஒரு குத்து வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். 36 வயதில் அந்த விலை கட்டுப்படியாகவில்லை.

இனி கிளிஞ்ச், அதாவது எதிரியைக் கட்டிப்பிடித்து நிற்பது. ஹெவிவெயிட்டுக்கு ஏறுகிற ஆள் உண்மையான விலையைக் கொடுப்பது இங்கேதான். யூடியூப் ஹைலைட்ஸில் இதை வெட்டிவிடுவார்கள். 110 கிலோ ஆள் கட்டிப்பிடித்து, முன்னங்கையை உங்கள் பிடரியில் போட்டு, உடம்பைச் சாய்க்கிறார். பத்து விநாடி அந்தப் பாரத்தை நீங்கள் கழுத்திலும் கீழ்முதுகிலும் தாங்குகிறீர்கள். ஒரு ரவுண்டில் ஐந்து முறை, பத்து ரவுண்டில் ஐம்பது முறை. குத்தே வாங்காமல் எட்டாவது ரவுண்டில் தொடை நடுங்கும். தப்பும் வழி இரண்டு. ஒன்று, அவர் கைக்கு அடியில் உங்கள் கையை நுழைத்து, தலையை அவர் தாடைக்குக் கீழே நெஞ்சோடு ஒட்டி, அவர் சாயும் திசைக்கே திருப்பிவிடுவது. இன்னொன்று, கட்டவே விடாமல் குத்தி முடித்ததும் அதே இடத்தில் நிற்காமல் விலகுவது. பின்னால் நேராகப் போகக் கூடாது. உயரமான ஆளின் ரைட் ஹேண்ட் வந்து விழும் இடம் அதுதான். பக்கவாட்டில் போக வேண்டும்.

நம் பக்கத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கனத்த மாடு வாடிவாசலில் இருந்து நேராகப் பாய்ந்து ஓடிவிடும். உடம்பில் சின்னதான புலிக்குளம் மாடு நின்னு விளையாடும். இருந்த இடத்திலேயே சுழலும், திமிலில் கை வைக்க விடாது. பயம் அந்தச் சுழற்சிக்குத்தான்.

உசிக் செய்வதும் இதுவே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 91 கிலோ தங்கம். 2018 ஜூலையில் மாஸ்கோவில் காசியெவை ஜெயித்து குரூஸர்வெயிட்டின் எல்லாப் பெல்ட்டும். 2019 அக்டோபரில் ஹெவிவெயிட். இடதுகை ஆட்டக்காரர். தன் வலது காலை எதிரியின் இடது காலுக்கு வெளியே வைப்பார், ஜாபால் எதிரியின் முன் கிளவுஸைத் தட்டிக்கொண்டே இருப்பார், இடதுகை நேர்க்குத்து விட்டதும் அந்தக் காலைச் சுற்றித் திரும்பிவிடுவார். எதிரி மறுபடி கால் வைத்து நிற்பதற்குள் இவர் வேறு இடத்தில். 2021 செப்டம்பரில் ஜோஷுவாவோடு 221க்கு 240 பவுண்டு. 2024 மேயில் ஃபியூரியோடு ஏறக்குறைய 17 கிலோ வித்தியாசம். ஃபியூரி சண்டையில் ஒன்பதாவது ரவுண்டில் கயிறுதான் ஃபியூரியைத் தாங்கிப் பிடித்தது. ரெஃப்ரி எண்ண வேண்டியதாயிற்று. 2025 ஜூலை வரை ஹெவிவெயிட்டில் 8 சண்டை, 8 வெற்றி. அதில் ஆறு சண்டை மூன்று பேரோடு: ஜோஷுவா இரண்டு, ஃபியூரி இரண்டு, டுபுவா இரண்டு. ஹோலிஃபீல்ட் ஆடியது 38. இதனால் உசிக்கின் தரம் குறையாது. என் கணிப்பில் ஏறிப்போனவர்களில் ஆட்ட நுணுக்கத்தில் அவரே முதல். ஆனால் 8க்கு 0 என்பதையும் 26க்கு 10 என்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒருவர் உச்சியில் இருந்தபோது மட்டும் ஆடிய கணக்கு. மற்றவர் உச்சியிலும் இறக்கத்திலும் ஆடிய கணக்கு. ஹோலிஃபீல்ட் 1999இல் நிறுத்தியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மைக்கேல் ஸ்பிங்ஸையும் சேர்த்துப் பாருங்கள். 1985 செப்டம்பரில், 48 சண்டையில் ஒன்றும் தோற்காத லாரி ஹோம்ஸை 200 பவுண்டில் நின்று ஜெயித்தார். லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்த முதல் ஆள் அவர். 1988 ஜூனில் டைசனிடம் 91 விநாடியில் முடிந்தது. உடனே “உடம்பு பத்தவில்லை” என்றார்கள். எடைப் பலகையில் டைசன் 218, ஸ்பிங்ஸ் 212. மூன்று கிலோகூட வித்தியாசம் இல்லை, உயரத்தில் ஸ்பிங்ஸ் கூடுதல். எடை வித்தியாசம் சொல்லாத ஒன்றை அந்த 91 விநாடி சொல்கிறது. மேலே தாங்க வேண்டியது ஆளின் பாரத்தை மட்டுமல்ல, இயல்பாகவே அந்த எடையில் வளர்ந்தவனின் குத்தையும்தான். மூன்று வருடத்தில் 15 கிலோ கூட்டினாலும் தாடை அதோடு சேர்ந்து கூடாது.

ஆக, ஏறிப்போன எவரையும் மதிப்பிட இவ்வளவு எழுதிக்கொண்டால் போதும்: தேதி, வயது, இருவரின் எடை, இருவரின் கைவீச்சு, எதிரியின் முந்தைய சண்டை எடை, அவர் எங்கிருந்து வந்தவர், முடிவு. எடை வித்தியாசத்தை விழுக்காட்டில் போடுங்கள். 95 கிலோ ஆளுக்கு 10 கிலோ வித்தியாசமும் 80 கிலோ ஆளுக்கு 10 கிலோ வித்தியாசமும் ஒன்றல்ல. பிறகு சண்டையை முழுதாக, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கூட்டம் கத்துகிற பக்கமே மனசு சாயும், கமெண்டரியும் இழுக்கும். ரவுண்டுக்கு ரவுண்டு 10-9 (ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9) எழுதுங்கள், கிளிஞ்சை எண்ணுங்கள், பிடித்த பிறகு யார் யாரைத் தள்ளுகிறார் என்று குறியுங்கள். எட்டாவது ரவுண்டுக்கு மேல் முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். இதே ஆள் கீழ் வெயிட்டில் ஆடிய பழைய சண்டை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். கால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இனி உங்கள் 80 கிலோ.

மாவட்டத்தில் ஆள் குறைவு என்பது ஏறுவதற்குக் காரணமே ஆகாது, தம்பி. மாவட்டப் பதக்கம் சுலபமாகக் கிடைக்கும். தேசியப் போட்டியில் எதிரே நிற்பது சர்வீசஸ் (ராணுவ அணி), ரயில்வே, ஹரியானா ஆட்கள். 90க்கு மேற்பட்ட பிரிவில் மேல்வரம்பே கிடையாது, 110 கிலோவும் வரும். ஆண்கள் எலைட் பிரிவில் 2013க்குப் பிறகு ஹெட்கார்டும் இல்லை. உலக அளவில் இப்போதுள்ள பிரிவுகள் 80, 85, 90, 90க்கு மேல். ஏறுவதானால் 85தான் அடுத்த படி. அங்கே ஒரு சீசன் ஆடாமல் 90ஐ நினைக்க வேண்டாம். உயரம் 185க்கு மேல், கைவீச்சு உயரத்தைவிட அதிகம், சாதாரணமாகவே 83, 84 கிலோ இருந்து போட்டிக்காகப் பட்டினி கிடக்கிறீர்கள் என்றால் ஏறலாம். 175 உயரத்தில், சாப்பிட்டும் 80ஐத் தாண்டாத உடம்பு என்றால் இங்கேயே இருங்கள். அமெச்சூரில் சண்டை இருக்கும் நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள் என்பதால், புரொஃபெஷனல்கள் போல முதல் நாள் தண்ணீரை இறக்கி மறுநாள் ஏற்றும் வேலை நடக்காது. போட்டி எடைதான் உங்கள் உண்மையான எடை.

எடை கூட்டுவது மாதம் ஒரு கிலோ. ஐந்து கிலோவுக்கு ஐந்து மாதம். பரோட்டா, சால்னா, ஜிகர்தண்டாவில் ஒரே மாதத்தில் மூன்று கிலோ ஏறும். அது டக்ளஸ் ஏற்றிய எடை. ஒரு நாளைக்குப் புரதம் 130 முதல் 160 கிராம் வேண்டும். ஆறு முட்டை 36 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோ 55, பால் அரை லிட்டர் 16, கொண்டைக்கடலை 100 கிராம் 20. மீதி பருப்பிலும் இட்லியிலும் வந்துவிடும். வாரம் மூன்று நாள், காலைக்கடன் முடித்து, சாப்பிடுமுன், ஒரே மெஷினில் எடை பாருங்கள். மூன்றின் சராசரிதான் அந்த வார எடை. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவு எடுங்கள். ஐந்து கிலோவுக்கு ஒரு அங்குலம் கூடினால் சரி, மூன்று அங்குலம் கூடினால் நிறுத்திவிட்டு சாப்பாட்டை மாற்றுங்கள்.

தூக்குவதில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப் வாரம் இரண்டு நாள் போதும். கழுத்துக்குத் தனி வேலை கட்டாயம்: படுத்தபடி தலையை உயர்த்துவது, பக்கத்துக்கு 15, மூன்று முறை. 90 கிலோவுக்கு மேல் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆள் கிடைக்காவிட்டால், ஜிம்மில் எடை தூக்கும் கனத்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் குத்தில்லாத கிளிஞ்ச் பயிற்சி எடுங்கள்: ஒரு நிமிடம் பிடி, ஒரு நிமிடம் ஓய்வு, எட்டு சுற்று. குத்தோடு ஆடுவது 16 அவுன்ஸ் கிளவுஸில், வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். தலையில் அடிபட்டு மயங்கினாலோ, அடுத்த நாள் தலைவலியோ குமட்டலோ இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். 30 நாள் ஸ்பாரிங் பக்கம் போகாதீர்கள். சித்திரை, வைகாசியில் ஓட்டத்தை 6 மணிக்கு முன்பே முடியுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

தொடங்கும் முன்பே மூன்று அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 30 மீட்டர் ஓட்டம், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், ஹெவி பேகில் மூன்று நிமிட ரவுண்டு மூன்று அடித்து மூன்றாவது ரவுண்டில் விட்ட குத்துகளின் எண்ணிக்கை. மாதம் ஒரு முறை அதையே திரும்ப எடுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி கூடுதலாக ஆவது இயற்கை. ஆனால் 30 மீட்டரும் மூன்றாவது ரவுண்டு எண்ணிக்கையும் ஐந்தாவது மாதத்திலும் பழைய அளவுக்கு வரவில்லை என்றால் 85 உங்களுக்கு இல்லை, 80க்குத் திரும்புங்கள். அப்படித் திரும்பும்போது அவசரம் வேண்டாம். ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் 193 பவுண்டில் ருயிஸை ஜெயித்து, எட்டே மாதத்தில் 175க்கு இறங்கி டார்வரோடு 12 ரவுண்டு திணறி ஜெயித்தார். 2004 மேயில் அதே டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், செப்டம்பரில் க்ளென் ஜான்சனிடம் ஒன்பதாவதில். வயது 35 என்பதும் சேர்ந்ததுதான், ஆனால் இறக்கிய சதை பிறகு திரும்பவில்லை. கிறிஸ் பேர்டும் 2007 அக்டோபரில் ஹெவிவெயிட்டில் ஆடிவிட்டு, 2008 மேயில் 79 கிலோ வரம்புக்கு இறங்கி ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். ஏறுவதற்கு எத்தனை மாதம் எடுத்தீர்களோ, இறங்கவும் அத்தனை மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.